மூன்றாம் மாடி வெக்கை

ஏப்ரல் பிறந்துவிட்டால் தொலைக்காட்சியின் அடிப்பகுதியில் ஓர் அறிவிப்பு தவறாமல் ஓடத் தொடங்கிவிடும். முதியோர், கர்ப்பிணிகள், குழந்தைகள் ஆகியோர் நண்பகல் 12 மணி முதல் 3 மணி வரை வெளியில் வருவதைத் தவிர்க்க வேண்டும் என்பது அதன் சாரம். எனக்கு வயது 70, என் கணவருக்கு 76. சென்னை மேற்கு மாம்பலத்தில், லிஃப்ட் இல்லாத பழைய அடுக்குமாடிக் கட்டடம் ஒன்றின் மூன்றாம் மாடியில், அதாவது மொட்டை மாடிக்கு நேர் கீழே, 22 ஆண்டுகளாகக் குடியிருக்கிறோம். அந்த அறிவிப்பைப் பார்க்கும்போதெல்லாம், நாங்கள் எங்கே அந்த நேரத்தில் வெளியில் போகிறோம் என்றுதான் எனக்குக் கேட்கத் தோன்றும். வெளியே அடிப்பது வெயில். எங்களைப் படுத்துவது வெக்கை. தமிழில் இவை இரண்டும் வேறுவேறு சொற்களாக இருப்பதற்குக் காரணம் இருக்கிறது. குடை பிடித்தால் வெயிலிலிருந்து தப்பிக்கலாம், கதவைச் சாத்தினால் வெக்கை இன்னும் கூடும்.

நான் பள்ளியில் 31 ஆண்டுகள் இயற்பியல் நடத்தியவள். ஆவியாதலைப் பற்றிப் பாடம் வரும்போது மேசைமேல் ஒரு மண்பானையை வைத்துவிட்டுத்தான் தொடங்குவேன். பானையின் நுண்துளைகள் வழியே கசியும் நீர், காற்றில் ஆவியாகும்போது உள்ளிருக்கும் நீரிடமிருந்து வெப்பத்தைப் பறித்துக்கொண்டு போகிறது, அதனால்தான் பானைத் தண்ணீர் குளிர்கிறது. நம் உடலும் ஒரு பானைதான், வியர்வைதான் அதன் கசிவு. நான் பிறந்த திருநெல்வேலிப் பக்கத்தில் கோடையிலும் பானைத் தண்ணீர் ஜில்லென்று இருக்கும், ஏனென்றால் அங்கே காற்று உலர்ந்தது. சென்னைக்கு வந்த முதல் கோடையில், அதே ஊரிலிருந்து கொண்டுவந்த பானையில் தண்ணீர் ஏன் அவ்வளவாகக் குளிரவில்லை என்று என் மாமியார் குயவரைத்தான் குறை சொன்னார். குற்றம் குயவருடையது அன்று, கடலினுடையது. காற்றில் ஏற்கெனவே ஈரம் நிறைந்திருந்தால் பானையும் ஆறாது, உடலும் ஆறாது. வியர்வை ஆவியாகாமல் வழிந்தே போகும், உடம்பிலிருந்து நீரும் உப்பும் போகுமே ஒழிய வெப்பம் போகாது. இதைத்தான் புழுக்கம் என்கிறோம்.

பள்ளி ஆய்வகத்தில் ஈரத்துணி சுற்றிய வெப்பமானி ஒன்று இருக்கும். அது காட்டும் அளவுக்கு ஈரக்குமிழ் வெப்பநிலை என்று பெயர். அது 35 டிகிரி செல்சியஸைத் தொட்டால், நிழலில் சும்மா உட்கார்ந்திருக்கும் ஆரோக்கியமான இளைஞனின் உடல்கூடத் தன்னைக் குளிர்வித்துக்கொள்ள முடியாது என்பது கோட்பாட்டு எல்லை. வயதானவர்களுக்கு அந்த எல்லை அதற்கு வெகு முன்பே வந்துவிடுகிறது. வியர்வைச் சுரப்பிகள் மந்தமாகிவிடுகின்றன. தோலுக்குக் கூடுதல் ரத்தத்தை அனுப்பி வெப்பத்தை வெளியேற்ற வேண்டிய இதயம் அந்த வேலைக்கே திணறுகிறது. எல்லாவற்றையும்விடப் பெரிய துரோகம், தாகம் எடுப்பதே குறைந்துவிடுகிறது. உடம்பு வற்றிக்கொண்டிருக்கும், நாக்கு அதைச் சொல்லாது.

சென்னைக்குக் கடற்காற்று ஒன்றுதான் வரம். நண்பகலை ஒட்டித் தரை சூடேறியதும் கடலிலிருந்து காற்று உள்ளே வரும், வெப்பநிலை அதற்குமேல் ஏறாது. மேற்கிலிருந்து வறண்ட காற்று பலமாக வீசும் நாள்களில் அது கடற்காற்றை வாசலிலேயே நிறுத்திவிடும். நகரம் 40 டிகிரியைத் தாண்டுவது அப்படிப்பட்ட நாள்களில்தான். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் 45 டிகிரி பதிவாயிற்று. அன்று எனக்கு ஐம்பது வயதுகூட ஆகவில்லை, மகளின் கல்லூரி விண்ணப்பத்துக்காக நகரமெல்லாம் அலைந்தேன், மாலையில் தலைவலி வந்தது என்பதற்குமேல் ஒன்றும் நினைவில்லை. இன்று 38 டிகிரியே என்னைச் சாய்த்துவிடுகிறது. இதில் ஒரு வேடிக்கை உண்டு. கடலோர ஊர்களில் வெப்ப அலை என்று வானிலைத் துறை அறிவிக்க வேண்டுமானால், வெப்பநிலை குறைந்தது 37 டிகிரியாகவும், அந்த நாளின் இயல்பைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருக்க வேண்டும். மே மாதச் சென்னையின் இயல்பே ஏறத்தாழ 37 என்பதால், 40 டிகிரி கொளுத்தினாலும் பல நாள்கள் அந்தக் கணக்கில் வருவதில்லை. காற்றின் ஈரப்பதமோ அந்த அளவுகோலிலேயே இல்லை. வெப்ப அலை இல்லாத நாளில் வெந்து போகிறவர்கள் என்று எங்களைச் சொல்லலாம்.

கான்கிரீட் தளம் வெப்பத்தை வாங்கி வைத்துக்கொண்டு தாமதமாகக் கொடுக்கும் பொருள். பிற்பகல் இரண்டு மணி வெயிலை அது இரவு எட்டு மணிக்கு மேல் எங்களுக்கு வழங்கத் தொடங்கும். கட்டிலில் படுத்தால் மேலிருந்து காங்கை இறங்குவது முகத்தில் தெரியும். ஒருநாள் இரவு பதினொன்றரை மணிக்குக் கூடத்துச் சுவரில் உள்ளங்கையை வைத்துப் பார்த்தேன், சற்றுமுன் இறக்கிவைத்த இட்லிப் பாத்திரத்தைத் தொட்டதுபோல் இருந்தது. சுவரில் மாட்டிய வெப்பமானி 35 காட்டியது. மின்விசிறி அந்தச் சூட்டைக் கலக்கி மறுபடி நம்மீதே வீசும். சுற்றியுள்ள காற்று தோலைவிடச் சூடானால் விசிறியின் பயன் குறைந்துகொண்டே போகும், 40 டிகிரிக்கு மேல் அதைப் போடவே வேண்டாம் என்கிறது உலகச் சுகாதார நிறுவனம். சமையலறைக் குழாயைத் திறந்தால், மொட்டை மாடித் தொட்டியில் பகல் முழுதும் காய்ந்த தண்ணீர் கொதிநீராகக் கொட்டும். மாலையில் கால் கழுவுவதற்கு, காலையிலேயே வாளியில் பிடித்து வைத்த தண்ணீரைத்தான் பயன்படுத்துகிறோம்.

படுக்கையறையில் ஒரு ஏசி இருக்கிறது. அதைப் போடுவதா வேண்டாமா என்பது எங்கள் வீட்டின் தீராத வழக்கு. இரண்டு மாதக் கணக்கில் 500 யூனிட்டைத் தாண்டினால் கட்டண அடுக்கே மாறிவிடும் என்பதால், ஓய்வூதியத்தில் வாழும் என் கணவர் மீட்டர் பெட்டிக்கு மாடி இறங்கிப் போய்ப் பார்த்துவிட்டு வருவார். இரவு பதினொன்றுக்குப் போட்டு இரண்டு மணிக்கு அணைப்பது என்று ஒரு சமரசம் ஏற்பட்டிருந்தது. அந்தச் சமரசம் முறிந்த கதையைச் சொல்ல வேண்டும்.

சென்ற ஆண்டு, கத்திரி தொடங்கி இரண்டாவது வாரம். தொடர்ந்து மூன்று நாள்கள் கடற்காற்று நான்கு மணிக்கு முன் வரவில்லை. ஊரே ஏசி போட்டதில் இரவில் மின்னழுத்தம் குறைந்து, எங்கள் ஏசி ஓடவே மறுத்தது. என் கணவருக்கு இதயம் பலவீனம். உப்பைக் குறைக்க வேண்டும், நாளொன்றுக்கு ஒன்றரை லிட்டருக்கு மேல் தண்ணீர் கூடாது, காலையில் ஒரு நீர் பிரியும் மாத்திரை என்பவை அவருக்கு விதிக்கப்பட்டவை. அவற்றை அவர் அரசாணைபோல் கடைப்பிடிப்பவர். மூன்றாம் நாள் காலை ஐந்தரை மணிக்குக் காப்பி டம்ளரைக் கையில் வாங்கிக்கொண்டு, "ஆபீஸுக்கு நேரமாச்சே, டிபன் கட்டலையா?" என்று கேட்டார். ஓய்வு பெற்று 17 ஆண்டுகள் ஆகியிருந்தன. விளையாட்டுக்குச் சொல்கிறார் என்று நானும் சிரித்துவிட்டேன். பிறகு சட்டைப் பொத்தானைத் தவறான துளையில் மாட்டி, அவிழ்த்து, மறுபடி அதே துளையில் மாட்டியதைப் பார்த்தபோதுதான் என் கை நடுங்கியது.

தெருமுனையிலிருந்த சிறிய மருத்துவமனையில் பணியிலிருந்த இளம் மருத்துவர், காய்ச்சல் இல்லை, ரத்த அழுத்தம் சற்றுக் குறைவு, வயதானால் மறதி வருவது இயல்புதான், நரம்பியல் மருத்துவரிடம் நிதானமாகக் காட்டுங்கள் என்று அனுப்பிவைத்தார். முந்தின நாள்வரை குறுக்கெழுத்துப் புதிர் போட்டவருக்கு ஓர் இரவில் மறதி வராது என்று எனக்குத் தோன்றியதால், அன்று பிற்பகலே பெரிய மருத்துவமனைக்குக் கொண்டுபோக முடிவு செய்தோம். ஆனால் அதற்குள் மாடியேறி வந்துவிட்ட அவரால் மறுபடி இறங்க முடியவில்லை. கீழ்வீட்டுப் பையனும் காவலாளியும் ஒரு பிளாஸ்டிக் நாற்காலியில் அவரை உட்காரவைத்து, 54 படிகளையும் தூக்கியே இறக்கினார்கள். காவலாளிக்கும் வயது 66 என்பது எனக்கு அப்போது நினைவுக்கு வரவில்லை.

சோடியம் 121. குறைந்தது 135 இருக்க வேண்டும். வியர்வையில் உப்பு போயிருக்கிறது, மாத்திரை தன் பங்குக்கு வெளியேற்றியிருக்கிறது, சாப்பாட்டிலோ உப்பே இல்லை. எங்கள் வயதுக்காரர்கள் வட்டத்தில் "சோடியம் இறங்கிடுச்சாம்" என்பது சளி பிடித்த செய்திபோல் சர்வசாதாரணமாகப் புழங்கும் வாக்கியம். அது இறங்கினால் மனிதர் தன் வீட்டையே மறப்பார் என்பதை அன்றுதான் கண்ணால் கண்டேன். ஐந்து நாள்கள் உள்நோயாளியாக இருந்து தேறினார். ஊருக்கெல்லாம் பொருந்துவதாகச் சொல்லப்படும் "நிறையத் தண்ணீர் குடியுங்கள்" என்ற அறிவுரை, இப்படிப்பட்டவர்களுக்கு இரண்டு பக்கமும் கூரான கத்தி என்று அங்கிருந்த மூத்த மருத்துவர் விளக்கினார். வெறும் தண்ணீரை அளவின்றிக் குடித்தால் ரத்தத்தின் உப்பு மேலும் நீர்த்துப்போகும், இதயம் பலவீனமானவருக்கு நுரையீரலில் நீர் கோத்துக்கொள்ளும். குடிக்காவிட்டால் சிறுநீரகம் கெடும். எல்லோரும் அன்போடு வாங்கிவரும் இளநீரில் பொட்டாசியம் மிகுதி என்பதால், சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கு அதுவே ஆபத்து. கோடைக்கு முன் மாத்திரைச் சீட்டை மருத்துவரிடம் எடுத்துப்போய், எதைக் குறைக்கலாம், எதை மாற்றலாம், எத்தனை டம்ளர் தண்ணீர், எவ்வளவு உப்பு என்று கேட்டுவாங்குவதுதான் வழி. ரத்த அழுத்த மாத்திரைக்கும் இது பொருந்தும், கோடையில் அழுத்தம் தானாகவே இறங்கும், அதே அளவு மாத்திரையைப் போட்டுக்கொண்டு கட்டிலிலிருந்து சட்டென்று எழுந்தால் கண் இருட்டிக் கீழே விழ நேரும். இந்த ஆண்டு மார்ச்சிலேயே போய்க் கேட்டு, மாத்திரையின் அளவைக் குறைத்து எழுதி வாங்கிவந்துவிட்டேன். தினமும் காலையில் எடை பார்த்துக் காலண்டரில் குறித்துவைக்கிறார். எடை திடீரென்று ஏறினாலும் இறங்கினாலும் மருத்துவருக்குச் சொல்ல வேண்டும்.

பெண்களின் கதை வேறு. நாங்கள் தாகம் எடுத்தாலும் குடிப்பதில்லை. வெளியில் போகும் நாளில் காலையிலிருந்தே டம்ளரைத் தொடமாட்டோம், வங்கிக்கோ ரேஷன் கடைக்கோ போனால் வழியில் கழிப்பறை கிடையாது. இருந்தாலும் மூட்டு வலிக்காரிகளால் உட்கார முடியாத வகையாக இருக்கும். இரவில் இரண்டு முறை எழுந்திருக்க வேண்டுமே என்று மாலை ஆறு மணிக்கே தண்ணீரை நிறுத்திவிடும் தோழிகள் எனக்கு நான்கைந்து பேர் உண்டு. அவர்களிடம் தண்ணீரின் அவசியத்தைப் பற்றி எத்தனை அறிவிப்புகள் ஓட்டினாலும் பயனில்லை, கேட்க வேண்டிய கேள்வி கழிப்பறையைப் பற்றியது.

வீட்டிலேயே மிகச் சூடான இடம் சமையலறை. அடுப்பு அணைந்துவிடும் என்பதால் அங்கே மின்விசிறியும் போட முடியாது. ஏப்ரல் முதல் நான் விடியற்காலை நான்கரைக்கு எழுந்து, ஆறரைக்குள் சாதம் தவிர எல்லாவற்றையும் முடித்துவிடுகிறேன். அப்படிச் செய்த சாம்பார் மாலைக்குள் ஊசிப்போகும் என்பதால், இரவுக்குக் கேழ்வரகுக் கூழும் மோரும் என்று ஆகிவிட்டது. என் கணவர் அதை ஏழைகள் உணவு என்று கேலி செய்துகொண்டே இரண்டாவது முறை ஊற்றச் சொல்வார். கடைத்தெரு வேலை ஏழு மணிக்குள் முடிய வேண்டும். பத்து மணிக்குத் திறக்கும் வங்கியும் பத்து மணிக்கே உச்சத்தை நெருங்கும் வெயிலும் எங்களுக்கு ஒத்துவருவதில்லை. மாநகரப் பேருந்தில் மூத்த குடிமக்களுக்கு மாதம் 10 இலவச டோக்கன்கள் உண்டு. மே மாதத்தில் எங்கள் டோக்கன்கள் அப்படியே மிஞ்சிப்போகும். நிழற்குடையின் எவர்சில்வர் இருக்கையில் பதினொரு மணிக்கு மேல் உட்கார்ந்து பாருங்கள், புடவையைத் தாண்டிச் சுடும். மாநில அரசு ஓய்வூதியர்கள் உயிரோடு இருப்பதை உறுதிசெய்யும் ஆண்டு நேர்காணலை முன்பு ஏப்ரல் முதல் ஜூன் வரை வைத்திருந்தார்கள். ஆண்டிலுள்ள பன்னிரண்டு மாதங்களில் அந்த மூன்றைத் தேர்ந்தெடுத்தவர் யாரோ, மின்விசிறிக்கு நேர் கீழே உட்கார்ந்திருந்திருப்பார். இப்போது அவரவர் ஓய்வு பெற்ற மாதத்திலேயே முடித்துக்கொள்ளலாம் என்று ஆகிவிட்டது. செலவில்லாமல் முதியோரின் கோடையை இலேசாக்க முடியும் என்பதற்கு இதைவிட நல்ல எடுத்துக்காட்டு எனக்குத் தெரியவில்லை.

2003 ஆகஸ்ட்டில் பிரான்ஸ் நாட்டில் வெப்பத்தால் ஏறத்தாழ 15,000 பேர் இறந்தார்கள், பெரும்பாலோர் 75 வயதைக் கடந்தவர்கள், பலர் தனியே வசித்தவர்கள். கூரைக்கு நேர் கீழுள்ள அறையில் படுத்தவர்களுக்கு ஆபத்து கூடுதலாக இருந்தது என்று பின்னர் நடந்த ஆய்வில் தெரிந்தது. இதை நான் எங்கள் குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் எடுத்துச் சொல்லி, மொட்டை மாடி முழுவதற்கும் வெப்பத்தைத் திருப்பியனுப்பும் வெள்ளைப் பூச்சு அடிக்கலாம் என்றேன். மேல்மாடிக்காரர்களின் பிரச்சினைக்குத் தரைத்தளத்துக்காரர்கள் ஏன் பங்கு தர வேண்டும் என்று ஒருவர் கேட்டார். தரைத்தளத்துக்காரரின் கழிவுநீர்க் குழாய் அடைத்துக்கொண்டபோது நாங்களும்தான் பங்கு கொடுத்தோம் என்று என் கணவர் சொன்னதற்குப் பதில் வரவில்லை, பணமும் வரவில்லை. நாங்களே எங்கள் வீட்டுக்கு மேலுள்ள பகுதிக்கு மட்டும் சுண்ணாம்பு அடித்துக்கொண்டோம். இரவு பத்து மணிக்கு வெப்பமானி இரண்டு டிகிரி குறைத்துக் காட்டியது. முதல் பெருமழையிலேயே பாதி கரைந்துபோனாலும், ஆண்டுக்கொரு முறை அடித்துக்கொள்ளக் கட்டுப்படியாகிற செலவுதான்.

இதையெல்லாம் எழுதும்போது எனக்கே சற்றுக் கூச்சமாக இருக்கிறது, ஏனென்றால் எங்களுக்கு ஓர் ஏசியாவது இருக்கிறது. எங்கள் வீட்டு வேலைக்கு வரும் பெண்மணியின் மாமியார் ஆஸ்பெஸ்டாஸ் கூரைக்குக் கீழே வசிக்கிறார். காலை ஒன்பது மணிக்குமேல் அந்த அறைக்குள் இருக்க முடியாது என்பதால், ஒரு தண்ணீர் பாட்டிலை எடுத்துக்கொண்டு பக்கத்துக் கோயிலின் கல்மண்டபத்துக்குப் போய்விடுவாராம். கல்மண்டபம் நகரத்திலேயே குளிர்ந்த இடம். ஆனால் பன்னிரண்டு மணிக்கு நடை சாத்திவிடுவார்கள், நான்கு மணிக்குத்தான் திறப்பார்கள். எங்கள் பகுதிப் பூங்காவும் காலை பத்து மணிக்குப் பூட்டப்பட்டு மாலையில்தான் திறக்கும். மரநிழலும் கல்நிழலும் எப்போது தேவையோ சரியாக அப்போது பூட்டு தொங்குகிறது. அந்த நான்கு மணி நேரத்தை அவர் ரயில் நிலையத்தின் நடைமேடையில் கழிக்கிறார். 2010 மே மாதத்தில் வெப்பத்தின் கொடுமையைக் கண்ட அகமதாபாத் மாநகராட்சி, 2013-இல் ஒரு வெப்பச் செயல்திட்டத்தை நடைமுறைக்குக் கொண்டுவந்தது. தமிழ்நாடு அரசும் 2024 அக்டோபரில் வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்து, அதனால் இறந்தவரின் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணம் என்று ஆணையிட்டது. நல்லதுதான். ஆனால் வேலைத்தளத்தில் சுருண்டு விழுந்தவரின் மரணத்தை வெப்பத்தோடு இணைப்பது எளிது, இரவு மூன்று மணிக்குத் தன் கட்டிலில் போய்விட்ட எண்பது வயதுக் கிழவியின் சான்றிதழில் பெரும்பாலும் மாரடைப்பு என்றுதான் இருக்கும். இழப்பீட்டுக்கு முந்திய வேலையாக, பகல் பன்னிரண்டு முதல் நான்கு வரை பூங்காவையும் நூலகத்தையும் சமுதாயக்கூடத்தையும் திறந்து வைத்து, குடிதண்ணீரும் கழிப்பறையும் கொடுத்தால் போதும் என்பேன்.

எங்கள் கட்டடத்தில் தனியாக இருக்கும் முதியவர்கள் மூவர். சென்ற ஆண்டு நடந்ததற்குப் பிறகு, தினமும் பிற்பகல் மூன்று மணிக்கும் இரவு ஒன்பது மணிக்கும் ஒருவரையொருவர் தொலைபேசியில் அழைப்பது என்று வைத்துக்கொண்டோம். நலம் விசாரிப்பு மட்டும் போதாது, அன்று என்ன கிழமை, காலையில் என்ன சமையல் என்று கேட்டுவிட வேண்டும் என்பது என் ஏற்பாடு. இரண்டாம் மாடி மாமி முதல் வாரம் இதைத் தேர்வு என்று கோபித்துக்கொண்டார், இப்போது அவரே என்னிடம் கிழமை கேட்கிறார்.

கத்திரி மே 4 அன்று தொடங்குகிறது. நாளை விடியற்காலை ஐந்து மணிக்குச் சுண்ணாம்பு அடிப்பவர் வருவதாகச் சொல்லியிருக்கிறார், எட்டு மணிக்குமேல் தளத்தில் கால் வைக்க முடியாதாம். இன்று மாலை மொட்டை மாடியில் பெரிய தொட்டியில் கிளிஞ்சல் சுண்ணாம்பைக் கொட்டித் தண்ணீர் ஊற்றினோம். அது சீறிக் கொதித்து அடங்குவதைத் தள்ளி நின்று பார்த்துக்கொண்டிருந்த என் கணவர், இரவு ஆறினால்தான் காலையில் வடிகட்ட முடியும் என்று சொல்லி, தொட்டியை ஒரு பழைய தகரத்தால் மூடிவிட்டு வந்திருக்கிறார்.